தேசப்படத்தில் ஒளிந்திருக்கும் மொழி

உங்கள் வகுப்பறைச் சுவரில் ஆசியாக் கண்டத்தின் தேசப்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதன் வலப்புற மேல்மூலையைப் பாருங்கள். ஜப்பானுக்கு நேர் வடக்கே, ருஷ்யக் கடற்கரையை ஒட்டி, ஒரு மீனைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தாற்போல் நீண்ட தீவு ஒன்று தெரிகிறதல்லவா? அதுதான் சகலின். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை ஏறத்தாழ 950 கிலோமீட்டர் நீளம்.

சகலின் என்னும் பெயருக்கு என்ன பொருள்? தீவு இன்று ருஷ்யாவைச் சேர்ந்தது. ஆனால் ருஷ்ய மொழியில் இச்சொல்லுக்குப் பொருள் இல்லை. தீவின் பழங்குடிகளான நிவ்க் மக்களும் ஐனு மக்களும் தங்கள் மண்ணை இப்பெயரால் அழைத்ததில்லை. 1905 முதல் 1945 வரை அதன் தென்பாதியை ஆண்ட ஜப்பானியர் அதைக் கராஃபுதோ என்றனர். 'ஸஹாலியன்' என்பது மஞ்சு மொழிச் சொல். அதன் பொருள் 'கருப்பு'. கருப்புத் தீவு என்றுகூட இல்லை, வெறும் 'கருப்பு'!

ஒரு தீவுக்கு 'கருப்பு' என்று மட்டும் யாராவது பெயர் வைப்பார்களா? வைக்கமாட்டார்கள். அது தீவுக்கு வைத்த பெயரே அல்ல. வேறொன்றின் பெயர், வழிதவறி வந்து தீவின்மேல் ஒட்டிக்கொண்டது. அது எப்படி நேர்ந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

சீனாவை 1661 முதல் 1722 வரை ஆண்டவர் காங்ஸி சக்கரவர்த்தி. தம் பேரரசு முழுவதையும் முறைப்படி அளந்து படம் வரைய வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்போது பீகிங் நகரில் ஏசு சபையைச் சேர்ந்த ஐரோப்பியப் பாதிரிமார்கள் சிலர் தங்கியிருந்தனர். கணிதத்திலும் வானநூலிலும் தேர்ந்தவர்கள். அவர்களிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. 1708-இல் வேலை தொடங்கியது. 1709, 1710 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாதிரியார்கள் வடகிழக்குக்குச் சென்று மஞ்சூரியாவையும் ஆமூர் ஆற்றையும் அளந்தனர். கடலைத் தாண்டித் தீவுக்கு அவர்கள் போகவில்லை. அங்கே சக்கரவர்த்தி அனுப்பிய மஞ்சு ஆட்கள் திரும்பி வந்து சொன்ன விவரங்களை வைத்துத்தான் அதன் உருவம் படத்தில் வரையப்பட்டது.

நாம் ஆமூர் என்று படிக்கும் ஆற்றுக்கு மஞ்சு மொழியில் 'ஸஹாலியன் உலா' என்று பெயர். 'உலா' என்றால் பேராறு. ஆகவே இது 'கருப்பு ஆறு'. (நம் மொழியின் உலாவுக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை, ஒலி ஒற்றுமையைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள்.) 'அங்கா' என்றால் வாய். ஆறு கடலில் கலக்கும் இடத்தை நாம் முகத்துவாரம் என்கிறோம். அவர்கள் வாய் என்றார்கள். 'ஹதா' என்றால் பாறைக் குன்று. நான்கையும் சேர்த்தால் 'ஸஹாலியன் உலா அங்கா ஹதா', அதாவது 'கருப்பாற்றின் வாயிலுள்ள பாறை'.

பாதிரிமார்களின் படங்களும் குறிப்புகளும் பாரிஸ் நகரை அடைந்தன. அங்கே தூ ஆல்த் என்ற பாதிரியார் சீனாவைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1735-இல் வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர் தான்வில் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுப் படவரைஞர். அவரது படத்தில் 'ஸஹாலியன் அங்கா ஹதா' என்ற சொற்றொடர் தீவின்மேல் எழுதப்பட்டது. 'கருப்பாற்றின் வாயிலுள்ள தீவு' என்று நூலில் விளக்கமும் தரப்பட்டது. இங்கேதான் கோளாறு. மஞ்சு மொழியில் தீவுக்கு 'துன்' என்று தனிச்சொல் இருக்கிறது. 'ஹதா' தீவாகாது. ஆற்றின் வாயருகே இருந்த பாறையின் பெயர், எதிரே கடலில் கிடந்த தீவின் பெயராகிவிட்டது.

பின்னால் வந்த படவரைஞர்களுக்கு இத்தனை நீளமான பெயர் எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். வாயையும் பாறையையும் கழித்துவிட்டார்கள். தலைச்சொல் மட்டும் நின்றது. இப்படித்தான் ஆற்றின் நிறம் தீவுக்கு வந்தது. ஆறோ ருஷ்ய மொழியில் ஆமூர் என்றும், சீன மொழியில் ஹெய்லோங் ஜியாங், அதாவது 'கருப்பு டிராகன் ஆறு' என்றும் வழங்குகிறது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பெயர் தவறானாலும் அந்தப் படம் ஒரு விஷயத்தில் சரியாக இருந்தது: சகலினைத் தீவாகவே காட்டியது. 1787-இல் அங்கே கப்பலில் சென்ற பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ், கடல் மேலும் மேலும் ஆழம் குறைவதைக் கண்டு திரும்பிவிட்டார். அதன்பிறகு இது தீபகற்பமாக இருக்குமோ என்ற ஐயம் ஐரோப்பாவில் வளர்ந்தது. 1809-இல் ஜப்பானியரான மாமியா ரின்சோ அந்தக் குறுகிய நீரிணையைக் கடந்து ஆமூர்ப் பகுதிக்குப் போய் வந்தார். 1849-இல் ருஷ்யக் கப்பல் தலைவர் நெவல்ஸ்காய் அதன் வழியே கப்பலே போகலாம் என்று காட்டினார். மஞ்சு ஆட்கள் சொன்னது சரிதான் என்று ஐரோப்பா ஒப்புக்கொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

மஞ்சுக்கள் யார்?

மஞ்சுக்களின் முன்னோர் ஜுர்சென் எனப்பட்டனர். 1115 முதல் 1234 வரை வடசீனாவை ஆண்ட ஜின் வம்சம் அவர்களுடையதே. பிற்காலத்தில் சிதறிக் கிடந்த ஜுர்சென் குலங்களை நூர்ஹாசி என்ற தலைவர் ஒன்றுசேர்த்தார். 1599-இல் அவர் ஆணைப்படி மங்கோலிய எழுத்தைத் தழுவி இவர்கள் மொழிக்கு எழுத்து அமைக்கப்பட்டது. மேலிருந்து கீழாக எழுதும் அழகிய எழுத்து அது. 1635-இல் அவருடைய மகன் ஹோங் தைஜி, இனிமேல் நம் மக்களின் பெயர் மஞ்சு என்று அறிவித்தார். 1644-இல் மஞ்சுக்கள் பீகிங்கில் அரியணை ஏறினர். 1912 வரை சீனாவை ஆண்ட சிங் வம்சம் இதுவே.

அக்காலத்தில் மஞ்சு மொழி அரசாங்க மொழி. 1689-இல் ருஷ்யாவுக்கும் சீனாவுக்கும் இடையே நெர்ச்சின்ஸ்க் என்ற இடத்தில் முதல் எல்லை ஒப்பந்தம் ஏற்பட்டது. அதை லத்தீன், ருஷ்யம், மஞ்சு ஆகிய மொழிகளில் எழுதினார்கள். சீனத்துடன் செய்த ஒப்பந்தத்துக்கு அதிகாரபூர்வமான சீனமொழிப் பிரதி இல்லை என்றால், மஞ்சு மொழியின் செல்வாக்கை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1708-இல் சக்கரவர்த்தியின் ஆணையால் மஞ்சுச் சொற்களுக்கு மஞ்சு மொழியிலேயே பொருள் கூறும் பேரகராதி ஒன்று உருவாயிற்று. இன்றைக்கு ஊர்ப்பெயர் ஆராய்பவர்களுக்கு இத்தகைய அகராதிகளே பெருந்துணை.

இனி நீங்களே துப்பறியலாம். 'உலா' பேராறு என்று பார்த்தோம். சிறிய ஆற்றுக்குப் 'பிரா' என்று பெயர். 'அலின்' என்றால் மலை. இந்த இரண்டு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பாருங்கள். ஜப்பான் கடலை ஒட்டி ருஷ்ய மண்ணில் ஓடும் மலைத்தொடர் சிகோத்தே-அலின். 'அலின்' அங்கே இருக்கிறது! ஆமூருக்கு வடக்கே பிரோபிஜான் என்ற நகரம் இருக்கிறது. சோவியத் அரசு யூதர்களுக்காக 1934-இல் அமைத்த தன்னாட்சிப் பகுதியின் தலைநகர் இது. பிரா, பிஜான் என்ற இரண்டு ஆறுகளின் பெயர்களைச் சேர்த்து நகரத்துக்குச் சூட்டினார்கள். அந்தப் பிரா வேறொன்றுமில்லை. 'ஆறு' என்ற சொல்தான். ஆக, ருஷ்யர் சொல்லும் 'பிரா ஆறு' என்பது 'ஆறு ஆறு' என்பதற்குச் சமம்.

ஓர் எச்சரிக்கை. 'பிரா' என்ற சொல் மஞ்சு மொழிக்கு மட்டும் சொந்தமல்ல. அதன் உறவு மொழியான எவெங்கியிலும் அதே சொல் உண்டு. இம்மொழிகள் துங்கூசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகையால் ஆமூரின் வடகரையில் 'பிரா' என்று கண்டவுடனே மஞ்சுக்கள் வைத்த பெயர் என்று சொல்லிவிட முடியாது. எவெங்கி வேட்டைக்காரர்கள் வைத்ததாகவும் இருக்கலாம்.

பூவும் இல்லை, கோபுரமும் இல்லை

படத்தில் இப்போது எல்லையைத் தாண்டிச் சீனப் பகுதிக்கு வாருங்கள். இங்கே மஞ்சுப் பெயர்கள் இன்னும் அதிகம். ஆனால் கண்டுபிடிப்பது கடினம். காரணம் சீன எழுத்து.

நம் எழுத்துக்கு ஒலி மட்டுமே உண்டு. 'க' என்ற எழுத்துக்குத் தனியே பொருள் கிடையாது. சீன எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒலியும் உண்டு, பொருளும் உண்டு. வேற்றுமொழிப் பெயரைச் சீனத்தில் எழுத வேண்டுமானால், ஏறக்குறைய அதே ஒலியுள்ள எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து வரிசையாக வைப்பார்கள். பொருளுக்கும் பெயருக்கும் சம்பந்தம் இராது. இரண்டு மூன்று தலைமுறை கழிந்தபின், எழுதியவரின் நோக்கம் மறந்துபோகும். படிப்பவர் எழுத்தின் பொருளையே ஊரின் பொருளாக எடுத்துக்கொள்வார்.

ஜிலின் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சீன எழுத்துகள். முதலாவது 'மங்கலம்', இரண்டாவது 'காடு'. மங்கலக் காடு! உண்மையில் இது 'கிரின் உலா' என்ற மஞ்சுப் பெயர். ஆற்றோரம் என்பது பொருள். 1673-இல் சுங்காரி ஆற்றங்கரையில் கட்டிய நகரம். கப்பல் கட்டும் துறையும் அங்கே இருந்தது. பெயர் இடத்துக்குப் பொருந்துகிறது.

'கிரின்' எப்படி 'ஜிலின்' ஆயிற்று என்று கேட்பீர்கள். மஞ்சு மொழியின் 'ரி' போன்ற ஒலி சீனத்தில் இல்லாததால் 'லி' வந்து உட்கார்ந்தது. முதல் எழுத்தை அந்நாளில் பலரும் 'கி' என்றே உச்சரித்தனர்; வடசீனப் பேச்சில் இகரத்தின் முன் நின்ற ககரம் நாளடைவில் ஜகரமாக மாறிவிட்டது. பழைய ஐரோப்பியப் படங்களில் 'கிரின்' என்றே காணலாம். உச்சரிப்பு மாறினாலும் எழுத்து மாறவில்லை. மஞ்சு ஒலி மட்டும் மறைந்துபோயிற்று.

அதே மாநிலத்தைத் தாண்டி வடக்கே போனால் முதான்ஜியாங் என்று ஓர் ஆறும் நகரமும் உள்ளன. சீன எழுத்துப்படி இது பியோனிப் பூவாறு. பியோனி சீனர்கள் போற்றும் மலர். பெயரைப் படிக்கிறவர், ஆற்றங்கரை முழுவதும் பூக்கள் குலுங்கும் என்று எண்ணிக்கொள்வார். மஞ்சு மொழியில் 'முதான்' என்றால் வளைவு. மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து போகும் ஆற்றுக்கு அது பொருத்தமான பெயர்தானே?

மேலே சொன்ன சுங்காரி ஆற்றின் பெயரைச் சீனத்தில் சோங்குவா என்று எழுதுகிறார்கள். பொருள்: பைன் மரப்பூ. மஞ்சு அகராதிகளிலோ 'சுங்காரி பிரா' என்ற தொடர் வானத்துப் பால்வீதியைக் குறிக்கிறது. நம் முன்னோர் பால்வீதியை ஆகாய கங்கை என்றார்களே, அதுபோல மஞ்சுக்களும் வானில் ஓர் ஆற்றைக் கண்டிருக்கிறார்கள். இந்த ஆற்றின் ஒரு கிளை பிறப்பது மலையுச்சி ஏரியில் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அந்த மலைதான் மஞ்சுக்கள் புனிதமாகப் போற்றிய 'கோல்மின் ஷங்கியன் அலின்', நீண்ட வெண்மலை. சீனப் பெயரான சாங்பாய் ஷான் என்பதற்கும் அதே பொருள். கொரியர்கள் அதைப் பெக்து, 'வெண்தலை' என்பர். உறைபனியும் பழைய எரிமலை கக்கிய வெளிறிய நுரைக்கல்லும் அதற்கு அந்நிறத்தைத் தந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது நிங்குத்தா. சிங் வம்சம் தனக்கு வேண்டாதவர்களை நாடு கடத்திய குளிர்ப் பிரதேசம் அது. இன்றைய நிங்ஆன் நகரம் அந்தப் பகுதியில் இருக்கிறது. பெயரின் கடைசிச் சீன எழுத்துக்குக் 'கோபுரம்' என்று பொருள். தென்சீனத்திலிருந்து கைதிகளாக வந்த படிப்பாளிகள் கோபுரம் எங்கே என்று தேடியிருப்பார்கள். கோபுரமும் இல்லை, அது இருந்த சுவடும் இல்லை. தேர்வு ஊழல் வழக்கொன்றில் சிக்கி 1659-இல் அங்கே வந்து சேர்ந்த வூ ஜாவ்ச்சியென் என்ற கவிஞருக்கு அங்கேயே ஒரு மகன் பிறந்தான். மஞ்சுப் பிள்ளைகளுக்கிடையே வளர்ந்த அந்த மகன் பிற்காலத்தில் நிங்குத்தாவைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். முற்காலத்தில் ஆறு சகோதரர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பிடித்து வாழ்ந்தார்களாம். மஞ்சு மொழியில் ஆறு என்ற எண் 'நிங்கு'. ஆகவே நிங்குத்தா என்றால் 'ஆறு பேர்' என்று அவர் விளக்கினார். சகோதரர் கதை எப்படியோ போகட்டும், எண் சரியானதே. மஞ்சு மொழியில் 'நிங்குன்' என்றால் ஆறு. 'நிங்குத்தா' என்றால் 'அவ்வாறு' என்பதுபோல ஆறாறாகப் பங்கிடுவது. தலைநகரத்தின் அறிஞர்களுக்குக் கோபுரமாகத் தெரிந்தது, ஊரில் வளர்ந்த பையனுக்கு எண்ணாகக் கேட்டது.

இவற்றைப் படித்த உற்சாகத்தில் வடகிழக்கிலுள்ள எல்லாப் பெயரையும் மஞ்சு மொழி என்று சொல்லப் புறப்பட்டுவிடாதீர்கள். கொரியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையான யாலு ஆற்றைப் பாருங்கள். வயல் வரப்பு என்ற பொருளுள்ள மஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது என்று சிலர் கூறுவர். எல்லை ஆற்றுக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய தாங் வம்சக் காலத்துச் சீன நூல்களிலேயே இப்பெயர் வருகிறது. தண்ணீர் வாத்தின் தலைபோலப் பச்சையாக இருப்பதால் வந்த பெயர் என்றும் அவை சொல்கின்றன. அந்நாளில் அந்த ஆறு எந்த நாட்டுக்கும் இன்றைய எல்லையாக இருக்கவில்லை. பொருத்தமாக இருப்பது மட்டும் சான்றாகாது. காலமும் ஒத்துவர வேண்டும். 1898-இல் ரயில்பாதையோடு வளர்ந்த ஹார்பின் நகரின் பெயரும் இப்படித்தான். மீன்வலை உலர்த்தும் இடம் என்பர் ஒரு சாரார். தட்டை நிலம் என்பர் மற்றொரு சாரார். அன்னப்பறவை என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

கல்லில் எழுதிய இரண்டு எழுத்து

பெயரின் பொருள் தெரிவதால் என்ன பயன், இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குத்தானே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். அவர்களுக்காகத் துமென் ஆற்றின் கதையைச் சொல்கிறேன்.

வெண்மலையின் மேற்கே இறங்குவது யாலு. கிழக்கே இறங்குவது துமென். இரண்டும் இன்று வடகொரியாவின் வடக்கு எல்லை. 1712-இல் காங்ஸி சக்கரவர்த்தி முகெதெங் என்ற மஞ்சு அதிகாரியை அனுப்பி எல்லையைக் குறித்து வரச் சொன்னார். அவர் மலையேறி, ஒரு கல்லை நட்டுச் சீன எழுத்தில் பொறித்தார். எல்லை 'மேற்கே யாலு, கிழக்கே துமென்' என்று அதில் இருந்தது. துமென் என்பதற்கு அவர் இட்ட இரண்டு எழுத்துகளின் தனிப்பொருள் 'மண்', 'வாயில்'. கொரியர்கள் அந்த எழுத்துகளைத் 'தோமுன்' என்று படிப்பார்கள். அவர்கள் தங்கள் ஆற்றை எழுதும் எழுத்துகளோ வேறு. அவற்றின் உச்சரிப்புத் 'துமன்'.

நூற்றைம்பது ஆண்டுகள் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் கொரியாவின் வடபகுதியில் கடும்பஞ்சம் வந்தது. 1869-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏழைக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்து அக்கரையிலிருந்த காட்டைத் திருத்திப் பயிரிட்டனர். 1880-களில் சிங் அரசு, இது எங்கள் மண், வெளியேறுங்கள் என்றது. கொரியர்கள் மலையேறிப் பழைய கல்லைப் படித்தார்கள். கல்லில் உள்ளது தோமுன். நாங்கள் கடந்தது துமன். இரண்டும் வேறு வேறு ஆறுகள் என்றார்கள். கல்லின் அருகே தொடங்கும் ஓடையைப் பின்பற்றிப் போனபோது, அது துமெனில் சேராமல் வடக்கே திரும்பிச் சுங்காரி ஆற்றோடு சேர்வதும் தெரிந்தது. அந்த ஓடையின் மண்கரைகள் வாயில்போல எதிரெதிரே நிற்கின்றன, ஆகவே 'மண்வாயில்' என்ற பெயர் இதற்கே உரியது என்றும் வாதித்தார்கள். அவர்கள் சொல்வது சரியானால் எல்லை வெகுதூரம் வடக்கே தள்ளிப்போகும். குடியேறியவர்களின் நிலம் முழுவதும் கொரியாவுக்கு வரும்.

1885-லும் 1887-லும் இரு நாட்டு அதிகாரிகள் கூடிப் பேசியும் உடன்பாடு ஏற்படவில்லை. கடைசியில் 1909-இல் முடிவு செய்தவர்கள் கொரியர்களே அல்ல. அவர்களின் வெளியுறவு அதிகாரத்தைப் பறித்துக்கொண்டிருந்த ஜப்பானியர். ரயில்பாதை முதலிய சலுகைகளைப் பெற்றுக்கொண்டு, துமென் ஆறே எல்லை என்று சிங் அரசுடன் ஒப்பந்தம் செய்தார்கள். குடியேறியவர்களின் வழிவந்தோர் இன்றும் அக்கரையில் வாழ்கிறார்கள். சீனாவின் யென்பியென் கொரியத் தன்னாட்சிப் பகுதி 1952-இல் அங்கேதான் அமைந்தது.

மஞ்சு மொழி இதில் என்ன சொல்கிறது? 'துமென்' என்றால் பதினாயிரம். மங்கோலியர் பதினாயிரம் வீரர் கொண்ட படைப்பிரிவைக் குறித்ததும் இதே சொல்லால்தான். ஆற்றுக்கு ஏன் எண்ணைப் பெயராக வைத்தார்கள்? இதற்கு மிகப் பழைய சான்று கொரியர்களிடமே இருக்கிறது. 1447-இல், கொரிய எழுத்து புதிதாக உருவாக்கப்பட்ட காலத்தில் வெளிவந்த அரச வம்சக் காவியம் ஒன்றின் உரையில், ஜுர்சென் மக்கள் பதினாயிரத்தைத் துமன் என்பர், பல நீரோடைகள் ஒன்றுகூடுவதால் ஆற்றுக்கு இப்பெயர் வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். கல் நடுவதற்கு 265 ஆண்டுகளுக்கு முன்னால்! ஆக, மண்ணும் இல்லை, வாயிலும் இல்லை. முகெதெங் தம் தாய்மொழியில் அறிந்திருந்த ஒரு சொல்லைச் சீன எழுத்தில் ஒலிபெயர்த்து வைத்தார், அவ்வளவே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது பெயரின் பொருளைத்தான் தீர்க்கிறது. கல் ஏன் வேறோர் ஆற்றின் ஓடையருகே நிற்கிறது என்ற கேள்வியைத் தீர்க்கவில்லை. முகெதெங் மலைமேல் ஓடையைத் தவறாக அடையாளம் கண்டார் என்றால், எழுதிய பெயர் எல்லையா, நட்ட கல் எல்லையா? இதற்கு எந்த அகராதியும் விடை சொல்லாது.

ஒரே நாளில் மாறிய பெயர்கள்

இனி ருஷ்யக் கரைக்கு வருவோம். ஆமூரின் வடகரையும் உசூரி ஆற்றின் கீழ்க்கரையும் 1858, 1860 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் சிங் பேரரசிடமிருந்து ருஷ்யாவுக்குச் சென்றன. ருஷ்யர் பல புதிய பெயர்களைச் சூட்டினாலும், ஆறுகளும் சிற்றூர்களும் பெரும்பாலும் பழைய பெயர்களோடே இருந்தன. சில மஞ்சு, சில சீனம், சில உதேகே, நானாய் போன்ற காட்டுக்குடிகளின் சொற்கள்.

1969 மார்ச் மாதம் உசூரி ஆற்றிலுள்ள சிறு தீவு ஒன்றுக்காகச் சோவியத், சீனப் படைகள் மோதிக்கொண்டன. இந்த ஊர்களின் பெயர்களையே காட்டி இது எங்கள் மண் என்று சீனா சொல்லிவிடுமோ என்று மாஸ்கோ அஞ்சியது. 1972-இல் இப்பகுதியின் நூற்றுக்கணக்கான ஊர்களுக்கும் ஆறுகளுக்கும் ஆணை போட்டு ருஷ்யப் பெயர் வைத்துவிட்டார்கள். இமான் நகரம் தால்னெரெச்சென்ஸ்க் ஆயிற்று. சுச்சான், பார்த்திசான்ஸ்க் ஆயிற்று. லெஃபு ஆறு இலிஸ்தாயா, 'சேற்றாறு' ஆயிற்று. ஆர்செனியெவ் என்ற ருஷ்ய ஆராய்ச்சியாளர், காட்டுவாசியான தெர்சு உசாலாவோடு சுற்றியலைந்து எழுதிய புகழ்பெற்ற நூல்களை இன்று படிப்பவர், அவற்றிலுள்ள ஆறுகளைப் புதிய படத்தில் தேடினால் காணமாட்டார். ஒரே ஆறு இரண்டு பெயரோடு ஓடுவதும் உண்டு. சீனாவில் பிறந்து விளாதிவஸ்தோக் அருகே கடலில் கலக்கும் சுய்ஃபென் ஆறு, எல்லையைத் தாண்டியதும் 'ராஸ்தோல்னயா', அதாவது 'விரிந்த வெளி' ஆகிவிடுகிறது. மஞ்சு மொழியில் 'சுய்ஃபுன்' என்றால் தோல் தைக்கும் குத்தூசி. குத்தூசிபோல் கூரிய ஓடுடைய நத்தைகள் ஆற்றில் மிகுதி என்று காரணம் சொல்வார்கள்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. 2023 பிப்ரவரியில் சீன அரசு, தன் நாட்டில் அச்சிடும் தேசப்படங்களில் விளாதிவஸ்தோக், சகலின் உள்ளிட்ட எட்டு இடங்களுக்குப் பழைய சீனப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று விதி செய்தது. சகலினுக்கு அதில் கூயே தீவு என்று பெயர். அந்தக் 'கூயே'யும் சீனச் சொல் அல்ல; நிவ்க் மக்கள் ஐனு மக்களை அழைத்த பெயரின் திரிபு. உரிமை கொண்டாடும் இரண்டு நாடுகளும் இரவல் சொற்களை வைத்துக்கொண்டுதான் கொண்டாடுகின்றன!

இந்தப் பெயர்களை வைத்த மொழியின் இன்றைய நிலை என்ன? 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் தங்களை மஞ்சு இனத்தவர் என்று பதிந்தனர். ஆனால் அவர்கள் பேசுவது சீனம். தாய்மொழியாக மஞ்சு பேசுவோர், சிச்சிஹார் நகருக்கு அருகிலுள்ள சான்ஜியாத்சு கிராமம் போன்ற இடங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர்கள் மட்டுமே. ஒரு பெயரின் பொருளைக் கேட்க அந்த நாட்டிலேயே ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது.

ஆயினும் மொழி ஓரிடத்தில் பிழைத்திருக்கிறது, யாரும் எதிர்பாராத இடத்தில். 1764-இல் சிங் அரசு, மஞ்சு மொழிக்கு மிக நெருங்கிய மொழி பேசும் சிபே இனத்துப் போர்வீரர்களைக் குடும்பத்தோடு பேரரசின் மேற்குக் கோடியைக் காவல் காக்க அனுப்பியது. ஓராண்டுக்கு மேல் நடந்து, அவர்கள் இலி ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். அவர்களுடைய சந்ததியார் பல்லாயிரவர் இன்றும் அம்மொழியைப் பேசுகிறார்கள். அங்கே ஒரு பாட்டியிடம் ஆற்றைக் காட்டி என்னவென்று கேட்டால், 'பிரா' என்பார். அங்கிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பிரோபிஜான் ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில் அதே சொல் ருஷ்ய எழுத்திலும் யூதர்களின் இத்திஷ் மொழி எழுத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.